மாமாவும் மலையேறலாம்: மிதிவண்டி சொல்லும் அறிவியல்

மாணவர்களே, பிரேசர் மலைக்கு மிதிவண்டியில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கோலகுபுபாருவில் புறப்பட்டு, சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டைக் கடந்து, காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் சாலை அது. தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,200 மீட்டர்.

உங்கள் வீட்டிலும் ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாவோ மாமாவோ அத்தையோ மிதிவண்டி ஓட்டக்கூடும். "மலையெல்லாம் இளவட்டங்களுக்குத்தான்" என்று அவர் ஒதுங்குகிறாரா? அவருக்குப் பதில் சொல்ல, நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே போதும்.

வேலை மாறாது, திறன் மாறும்

மாமாவின் எடை 70 கிலோ, மிதிவண்டியும் தண்ணீரும் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 கிலோ. இதை 1,200 மீட்டர் உயரத்துக்கு ஏற்றச் செய்ய வேண்டிய வேலை: 80 × 9.8 × 1,200 = 940,800 ஜூல். அதே எடையுள்ள பந்தய வீரர் ஏறினாலும் இந்த எண்ணில் மாற்றமில்லை.

திறன் என்பது வேறு. வேலையை நேரத்தால் வகுத்தால் திறன் கிடைக்கும். 2 மணி நேரத்தில் ஏறினால் சுமார் 131 வாட் தேவை. 4 மணி நேரம் எடுத்துக்கொண்டால் 65 வாட் போதும். காற்றின் தடைக்கும் டயர் உராய்வுக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான். நேரத்தைக் கூட்டினால் கால்களின் சுமை குறைகிறது.

கியர் எதற்கு?

முன் பற்சக்கரத்தில் 50 பல், பின்னால் 11 பல் என்றால், மிதிகட்டையை ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 9 மீட்டருக்கும் மேல் ஓடும். சமதரைக்கு அது சரி. ஏற்றத்தில் முழங்கால் வலிக்கும். முன்னும் பின்னும் 34 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான். தூரம் குறையும்போது மிதிக்க வேண்டிய விசையும் குறையும். நெம்புகோல் தத்துவமும் இதுதான். பின்பக்கம் பெரிய பற்சக்கரம் பொருத்த முடியுமா என்று மாமாவை மிதிவண்டிக் கடையில் கேட்கச் சொல்லுங்கள்.

நூறு வயதிலும் வளர்ந்த உடல்

வயதானால் உடல் இனித் தேறாது என்று நினைக்கிறோம். பிரான்சு நாட்டின் ரோபர்ட் மர்ஷான் 1911இல் பிறந்தவர். 2012இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014இல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். வயது கூடியும் தூரம் கூடியது!

அவரைச் சோதித்த ஆய்வாளர்கள், பயிற்சிக்குப் பின் அவர் உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்ச அளவு ஏறத்தாழ 13 விழுக்காடு உயர்ந்திருந்ததைக் கண்டனர். அந்தப் பயிற்சியில் 80 விழுக்காடு இலேசான ஓட்டம். 20 விழுக்காடு மட்டுமே கடினமானது.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியவை

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மிக அவசியம். பிறகு வீட்டருகே உள்ள சிறு மேடுகளில் தொடங்கி, வாரந்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி, உதவி கேட்க வேண்டும்.

உணவிலிருந்து தசை பெறும் சக்தியில் கால் பங்குக்கு மேல் மிதிகட்டைக்குப் போவதில்லை. மீதி வெப்பமாகிறது. வியர்வை கொட்டுவது அதனால்தான். எனவே தண்ணீரும் வாழைப்பழமும் கையோடு இருக்கட்டும். இறங்கும்போது, ஏறிச் சேர்த்த நிலை சக்தியில் ஒரு பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். ஆகவே புறப்படும் முன்பே பிரேக்கைச் சோதிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

மாமாவின் எடையோடு வண்டியின் எடையைக் கூட்டுங்கள். 9.8 ஆலும் 1,200 ஆலும் பெருக்கி, 4 மணி நேரத்துக்குரிய 14,400 விநாடியால் வகுங்கள். கிடைக்கும் வாட் எண்ணைத் தாளில் எழுதி அவரிடம் நீட்டுங்கள். "ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டால் எவ்வளவு?" என்று அவர் கேட்டால், பாதி மலையை ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.