கேட்டலால் வரும் துணை

துயருற்ற ஒருவர் நம்மிடம் வந்து தம் குறையைக் கூறத் தொடங்கினால் நாம் செய்வது என்ன? அவர் பாதி சொல்லுமுன்பே அறிவுரை வழங்கத் தொடங்கிவிடுகிறோம். அறிவுரை நல்லதாகவே இருக்கலாம்; ஆயினும் வந்தவர் மனப்பாரம் குறையாமலே திரும்பிச் செல்கிறார். இஃது ஏன் என்னும் வினாவுக்கு விடை தேடியவருள் ஒருவர் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் றோஜர்ஸ். உளவளத்துணை என்று இன்று வழங்கும் பணி அவர் கண்ட விடையினாற் பெரும்பயன் பெற்றது.

றோஜர்ஸ் 1902 ஆம் ஆண்டு, சிக்காகோ நகரையடுத்த ஓக் பார்க்கில், சமயக் கட்டுப்பாடு மிகுந்த புரட்டஸ்தாந்துக் குடும்பத்திற் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பத்தார் பண்ணையொன்றிற் குடியேறினர். தந்தையார் அதனை விஞ்ஞான முறையில் நடத்த விரும்பினார். மைந்தரும் விவசாய நூல்களைக் கற்றார். எதனையும் சோதித்தறிந்தே ஏற்கவேண்டும் என்னும் பழக்கம் அங்கேதான் அவருள் வேரூன்றியது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயிலப் புகுந்தவர், 1924 இல் வரலாற்றிற் பட்டம் பெற்றார். அதற்கிடையில், 1922 இல், கிறித்தவ மாணவர் மாநாடொன்றுக்காகச் சீனாவுக்குச் சென்றார். நேர்மையுள்ள மனிதர் வெவ்வேறு கொள்கையினராய் இருத்தல் கூடும் என்பதை அப்பயணம் உணர்த்திற்று. பின்னர் நியூயோர்க்கில் இறையியல் கற்று, அதை விடுத்து உளவியலை நாடினார்.

1927 இல் அந்நகரத்துப் பிள்ளைகள் வழிகாட்டல் நிலையமொன்றிற் பயிலுநராகச் சேர்ந்தார். அங்கே பிராய்டின் கொள்கை செல்வாக்குற்றிருந்தது. அவர் பயின்ற கொலம்பியா ஆசிரியர் கல்லூரியிலோ அளவீடும் புள்ளிவிபரமும் போற்றப்பட்டன. ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரு நெறிகளுக்கிடையே நின்ற பயிலுநர், தமக்கென ஒரு வழியைத் தேடவேண்டியவரானார்.

அடுத்த ஆண்டு றொச்செஸ்டர் நகரிற் பணியேற்று, இடர்ப்பட்ட சிறுவர்களுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். அங்கு நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். குழப்படி மிக்க சிறுவன் ஒருவனின் தாய் அவரிடம் வந்தார். இளமையில் தாய் காட்டிய வெறுப்பே மகனின் நடத்தைக்குக் காரணம் என்பது றோஜர்சின் முடிவு. அதனைத் தாய்க்கு உணர்த்தப் பலமுறை முயன்றும் பயனில்லை. ஈற்றில், சந்திப்புக்களை நிறுத்திவிடலாம் என்றார். தாயும் இசைந்தார். வாயில்வரை சென்ற அவர் திரும்பி, “இங்கே பெரியவர்களுக்கும் துணை செய்வீர்களா?” என்று வினவினார். ஆம் என்றதும் மீண்டும் அமர்ந்து, தம் இல்வாழ்வின் துன்பத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தார். முன்னர்க் கூறிய வரலாற்றில் இவ்வேதனை இடம்பெறவேயில்லை. உண்மையான உதவி அன்றுதான் தொடங்கியது. எங்கே நோகிறது, எப்பக்கம் செல்லவேண்டும் என்பதைத் துன்பப்படுபவரே அறிவார் என்ற பாடத்தை அத்தாயிடமிருந்து றோஜர்ஸ் கற்றார்.

அப்பாடமே ஒரு முறையாக வளர்ந்தது. உதவி நாடி வருபவரை நோயாளி என்னாது, தம் விருப்பத்தால் துணை தேடுபவர் என்னும் பொருளில் அழைத்தார். நாம் துணைநாடி என்கிறோம். 1942 இல் வெளியிட்ட நூலில், ஒருவருடன் நடந்த உரையாடல்கள் முழுவதையும் ஒலிப்பதிவுத் தட்டுக்களிலிருந்து எழுத்திற் பெயர்த்து அச்சிட்டார். மூடிய அறையில் நடப்பதைப் பிறர் சோதித்தறியட்டும் என்பதே நோக்கம். பண்ணையிற் பெற்ற பழக்கம் இங்கே பயன் தந்தது.

துணையாளரிடம் வேண்டப்படும் பண்புகள் மூன்று என 1957 இல் வரையறுத்தார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை ஒன்று. வந்தவரை நிபந்தனையின்றி மதித்தல் மற்றொன்று. அவர் நிலையில் நின்று அவர் உணர்வை உணர்தல் மூன்றாவது. “என் மகன் என்னை மதிப்பதில்லை” என்று ஒரு தாய் கூறினால், “பொறுமையாயிருங்கள்” என்பது அறிவுரை. “பெற்ற பிள்ளையே மதிக்கவில்லை என்பது உங்களை வாட்டுகிறது” என்பது கேட்டதன் அடையாளம். கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்வதன்று இது. தாம் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பேசியவரிடமே ஒப்புக்கொடுத்து அறிவதாகும். அச்சமின்றிப் பேசுபவர் தம்மைத் தாமே கேட்கத் தொடங்குகிறார். வழியும் அவருக்கே புலப்படுகிறது.

இம்முறைக்கும் எல்லையுண்டு. விஸ்கொன்சினிற் கடும் உளநோயாளரிடையே அவர் நடத்திய ஆய்வு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மருத்துவம் வேண்டிய இடத்தில் மருத்துவரே வேண்டும்.

றோஜர்ஸ் 1987 இல் மறைந்தார். வாயிலில் திரும்பி நின்ற அந்தத் தாயைப் போன்றோர் எல்லா ஊர்களிலும் உளர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் தீர்ப்பையன்று. சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் ஒரு செவியையே.