புது ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள்

ஓடுவதற்கு ஷூ வாங்கப் போகிறவர் சாயங்காலமாகக் கடைக்குப் போவது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். காலை பத்து மணிக்குப் புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக் கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்த ஷூ, சில நாள் ஓட்டத்திலேயே பெருவிரல் நகத்தைக் கறுக்க வைத்துவிடும்.

புதுக்கோட்டையில் இன்று ஷூ மாட்டி ஓடுகிறவர்களில் இரண்டு வகையினர் அதிகம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டாக்டர் சொல்லி நடக்கத் தொடங்கி, பிறகு மெல்ல ஓடப் பழகியவர்கள் ஒரு வகை. போலீஸ், ராணுவ வேலைக்காக விடியற்காலையில் எழுந்து ஓடும் பிள்ளைகள் இன்னொரு வகை. காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்காக மாதக்கணக்கில் ஓடுகிறவர்கள், ஷூவை மட்டும் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கு ஓட்டம் புதிதல்ல. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனுக்கு 13 வயதில் வீட்டு முன்னால் இருந்த மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. ஷூ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் சாந்தி 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தார். பாலினப் பரிசோதனையின் பேரில் அந்த வெள்ளிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டது தனிக் கதை, கொடுமையான கதையும்கூட. அவருக்குப் பின் வந்த லோ. சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். கோ. லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வாங்கினார். இவர்கள் ஊரில் ஷூ வாங்குகிறவருக்குத் தடையாக இருப்பது பணம் மட்டும் இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதும் ஒரு தடை.

நம் கடைகளில் புழங்குவது யூகே எண். 'எட்டு' என்று கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். அந்த எண் சொல்வது நீளத்தை மட்டுமே, அகலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. நம் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அதில் தெரிந்தது. இதை வைத்துத்தான் 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று தனி அளவு முறையை அந்த நிறுவனம் முன்வைத்தது. செருப்பில்லாமலோ, விரலை விரித்து வைக்கும் ரப்பர் செருப்போடோ வளர்ந்த கால்கள் முன்பக்கம் இன்னும் விரிந்திருக்கும். கிராமத்துக் கால் என்றால் கேட்கவே வேண்டாம்.

அகலம் போதாதபோது நாம் வழக்கமாகச் செய்வது, ஒரு எண் பெரிதாக வாங்கிக்கொள்வது. எட்டு பிடிக்கிறது, ஒன்பது கொடுங்கள் என்போம். முன்னால் நெருக்கம் தீர்ந்துவிடும், ஆனால் குதிகால் ஆடத் தொடங்கும். ஷூ வளைய வேண்டிய இடமும் கால் வளையும் இடமும் வேறு வேறாகிவிடும். குதிகாலில் கொப்புளம் வருவது இதனால்தான்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? வீட்டிலேயே சாயங்காலம் ஒரு காகிதத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகாலைச் சுவரில் அணைத்து நின்று, நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும், அதுதான் கணக்கு. ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் யூகே, யுஎஸ், ஐரோப்பிய எண்களோடு சென்டிமீட்டரும் பெரும்பாலும் இருக்கும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் யுஎஸ் 9-ஐ யூகே 9 என்று நினைத்து ஏமாறுவது சர்வசாதாரணம். சென்டிமீட்டரைப் பார்த்தால் அந்தக் குழப்பம் இருக்காது.

அகலத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கானது இல்லை. கடைக்காரர் 'போடப் போட லூஸ் ஆயிடும் சார்' என்பார். தோல் செருப்புக்கு அது பொருந்தும். இன்றைய ஓட்ட ஷூவின் வலைத்துணி அப்படி இளகிக் கொடுக்காது. முதல் தடவையே சுகமாக இருக்க வேண்டும்.

பிறகு ஓடும்போது போடும் அதே சாக்ஸை மாட்டி, நாடாவைக் கட்டி, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். ஷூவை இரு முனையிலும் பிடித்து மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய நகரத்துக் கடைகளில் பாதத்தை எந்திரத்தில் வைத்து 'உங்களுக்குத் தட்டைப் பாதம், இந்த ஷூதான்' என்று விலை கூடிய ஒன்றை எடுத்து வைப்பார்கள். அமெரிக்க ராணுவப் பயிற்சி வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதத்தின் வளைவைப் பார்த்துக் கொடுத்த ஷூவைப் போட்டவர்களுக்கும், எல்லாருக்கும் ஒரே வகையாகக் கொடுத்த ஷூவைப் போட்டவர்களுக்கும் காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் கணக்கில், காலுக்குச் சுகமாக இருப்பதுதான் நல்ல ஷூ.

பெரிய கம்பெனி முத்திரையோடு கிடைக்கும் 'ஃபர்ஸ்ட் காப்பி' பற்றி ஒரு வார்த்தை. மேலே துணியும் நிறமும் அச்சு அசலாக இருக்கும். காசு போவது அடியில் இருக்கும் நுரைக்குத்தான், அது காப்பியில் வராது. அதே விலைக்கு உள்நாட்டுக் கம்பெனியின் சொந்தப் பெயர் ஷூ மேல்.

வாங்கிய ஷூவை முதலில் வீட்டுக்குள், சுத்தமான தரையில் போட்டு நடங்கள். அடி அழுக்காகாமல் இருந்தால்தான் கடைக்காரர் மாற்றித் தருவார். பில்லையும் பத்திரமாக வையுங்கள். அடுத்து பழைய ஷூவோடு மாற்றி மாற்றி, சின்னச் சின்ன ஓட்டங்களுக்குப் போடலாம். இதுவரை வெறுங்காலில் ஓடியவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள். குதிகால் தடித்த ஷூவில் ஊன்றும் விதமே மாறிவிடுகிறது, கெண்டைக்காலும் மூட்டும் அதற்குப் பழக நாளாகும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி ஜெயித்ததைப் பெரிய சாகசமாகச் சொல்வார்கள். கிடைத்த புது ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை, அதனால் பழகிய வெறுங்காலிலேயே ஓடினார். 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி, அதைவிட வேகமாக முடித்தார்.

உடைக்கு இவ்வளவு பாடு இல்லை, ஆனால் நம் வெயிலில் அதுவும் முக்கியம். காட்டன் பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச தூரத்துக்குப் பரவாயில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் அக்குளும் தொடையும் உரசிப் புண்ணாகும். மெல்லிய பாலியஸ்டர் பின்னல் துணி வியர்வையை வெளிப்பக்கம் கடத்தி ஆற வைக்கும். கடலோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் எந்தத் துணியும் சீக்கிரம் உலராது. அங்கே தளர்வான, கையில்லாத சட்டைதான் உதவும். உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டால் போதும்.

வியர்த்தால் எடை குறையும் என்று ஜூன் மாதத்தில் பிளாஸ்டிக் கோட்டு மாட்டி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைவது தண்ணீர், அது ஒரு சொம்பு நீரில் திரும்பி வந்துவிடும். ஆனால் உடம்புச் சூடு ஏறி மயங்கி விழும் ஆபத்து நிஜமானது.

பெண் பிள்ளைகளுக்கு ஷூவுக்குச் சமமாக முக்கியமானது ஸ்போர்ட்ஸ் பிரா. வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் என்பதாலேயே பலர் அது இல்லாமல் ஓடி, வலியோடு ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். அடிப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது. போட்டுக்கொண்டு குதித்துப் பாருங்கள், மார்பு ஆடக் கூடாது. இருட்டில் சாலையோரம் ஓடுகிறவர்கள் ஆணோ பெண்ணோ வெளிர் நிறச் சட்டையே போடுங்கள். கறுப்பு டி-ஷர்ட் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

நல்ல ஓட்ட ஷூவின் ஆயுள் ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர். வாரம் 30 கிலோமீட்டர் ஓடினால் நாலு முதல் ஆறு மாதம். மேல்துணி கிழியாமல் இருந்தாலும் உள்ளே நுரை செத்துப்போயிருக்கும். வெயிலில் காய வைப்பதும், வண்டிப் பெட்டியில் பூட்டி வைப்பதும் அந்த ஆயுளைக் குறைக்கும். கையால் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வையுங்கள்.

போலீஸ் தேர்வுக்கு ஓடும் தம்பி, தங்கைகள் ஷூவைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். அழைப்புக் கடிதத்தில் ஷூவுக்கும் உடைக்கும் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதையும் அன்றே படித்துவிடுங்கள்.