40 சதவீதம்: ஓர் எண்ணை உலகமே அளந்து பார்த்த கதை

கார் இன்ஜினின் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிற கூலன்ட், பெரும்பாலும் தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த கலவை. வெப்பத்தைக் கடத்துவதில் இரண்டுமே மந்தம். தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர்-கெல்வின் கணக்கில், 0.6 வாட். கிளைக்காலுக்கு அதில் பாதிகூடக் கிடையாது; சுமார் 0.25. தாமிரத்துக்கோ ஏறக்குறைய 400.

இந்த இடைவெளியைப் பார்க்கிற மெக்கானிக்கல் மாணவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். தாமிரத்தைப் பொடியாக்கித் திரவத்தில் கலந்துவிட்டால் என்ன?

கேள்வி பழையது. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1873-ல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலிலேயே இதற்கான கணக்கு இருக்கிறது. ஒரு பொருளுக்குள் வேறொரு பொருளின் சிறு உருண்டைகள் சிதறிக்கிடந்தால் மொத்தக் கலவையும் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்தும் என்று அவர் சூத்திரம் தந்தார். வெப்பத்துக்கும் அதே கணிதம்தான். கலக்கும் பொருள் நல்ல கடத்தியாகவும் அதன் அளவு குறைவாகவும் இருந்தால் சூத்திரம் எளிதாகச் சுருங்கிவிடும்: கன அளவில் 1 சதவீதம் கலந்தால், கடத்துதிறன் சுமார் 3 சதவீதம் உயரும். ஆனால் நடைமுறையில் இந்த யோசனை எடுபடவில்லை. மைக்ரான் அளவுத் துகள்கள் அடியில் படிந்தன, குழாய்களை அடைத்தன, பம்பின் உள்பாகங்களை அரித்தன.

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் சோய், துகளை நானோ அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். சில பத்து நானோமீட்டர் அளவே உள்ள துகள் எளிதில் படியாது, அரிக்காது. 1995-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் இந்தக் கலவைக்கு அவர் ‘நானோ திரவம்’ என்று பெயர் வைத்தார்.

2001-ல் ஆர்கான் குழு ஓர் அளவீட்டை வெளியிட்டது. எத்திலீன் கிளைக்காலில் கன அளவில் வெறும் 0.3 சதவீதத் தாமிர நானோ துகள்கள். மேக்ஸ்வெல் கணக்குப்படி கடத்துதிறனின் உயர்வு 1 சதவீதத்தைக்கூட எட்டியிருக்கக் கூடாது. குழு சொன்ன உயர்வு 40 சதவீதம்.

ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு கிடைத்தது

அந்த எண் உலகெங்கும் வெப்பப் பரிமாற்ற ஆய்வகங்களை உலுக்கியது. நூறாண்டுக்கும் மேலாக நம்பிவந்த சூத்திரம் பொய்யா? துகள் நானோ அளவுக்கு இறங்கினால் இயற்கையின் விதி மாறிவிடுகிறதா?

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி. இந்தத் துறையில் முன்வரிசையில் நின்றது. அங்கே பேராசிரியராக இருந்த சரித் குமார் தாஸ், ஹாம்பர்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2003-ல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார். அலுமினா, தாமிர ஆக்சைடு துகள்கள் கலந்த தண்ணீரை 21 டிகிரியிலிருந்து 51 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், கடத்துதிறனில் கிடைக்கும் உயர்வு இரண்டு முதல் நான்கு மடங்காகிறது என்பதே அந்த முடிவு. பின்னர் தாஸ், சோய், வென்ஹுவா யூ, சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் டி.பிரதீப் ஆகியோர் இணைந்து இத்துறைக்கு ஒரு பாடநூலையே எழுதினார்கள்.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலும் இந்தத் தலைப்பு வேகமாகப் பரவியது. காரணம் தெளிவானது. அலுமினா பொடி விலைக்குக் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கலைக்க அல்ட்ராசோனிகேட்டர் போதும். ஒரு சோதனைக் குழாய், ஒரு ஹீட்டர், சில தெர்மோகப்பிள்கள், ஒரு பம்ப் இருந்தால் ஸ்காலர் வேலையைத் தொடங்கிவிடலாம். கோடிகள் தேவையில்லை. துகளையோ அளவையோ குழாயின் வடிவத்தையோ மாற்றினால் அடுத்த கட்டுரைக்கும் வழி உண்டு.

விளக்கங்களும் குவிந்தன. பாவெல் கெப்லின்ஸ்கி குழு 2002-ல் நான்கு சாத்தியங்களை அலசியது. துகள்களின் பிரவுனியன் அலைவு (இடைவிடாத ஒழுங்கற்ற அசைவு), துகளைச் சுற்றித் திரவ மூலக்கூறுகள் அடுக்காகச் சேர்வது, துகளுக்குள் வெப்பம் பயணிக்கும் விதம், துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரள்வது. இந்த நான்கில் எது உண்மை என்பதை அளவீடுதான் சொல்ல வேண்டும். ஆனால் அளவீடுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒரே வகைத் துகளை, ஒரே அளவில் கலந்த இரண்டு ஆய்வகங்கள் வேறுவேறு எண்களைச் சொல்லின.

ஒரு கம்பியின் சாட்சி

ஏன் இந்த முரண்பாடு? திரவத்தின் வெப்பக் கடத்துதிறனை அளப்பது, கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம்.

பரவலாகப் பயன்படும் முறை, சூட்டுக் கம்பி முறை. தலைமுடி பருமனோ அதைவிட மெல்லியதோ ஆன பிளாட்டினம் கம்பியைத் திரவத்தில் நிறுத்தி, சில வினாடிகள் மின்சாரம் செலுத்துவார்கள். கம்பியே ஹீட்டர், கம்பியே தெர்மாமீட்டர். சூடேறச் சூடேற அதன் மின்தடை மாறும். அதிலிருந்து வெப்பநிலை தெரியும். வெப்பநிலை உயர்வை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு வரும். கோடு எவ்வளவு படுத்திருக்கிறதோ, திரவம் அவ்வளவு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது.

இதில் தவறு நுழைய எத்தனையோ வாசல்கள். மின்சாரத்தைச் சற்று அதிக நேரம் செலுத்தினால் சூடான திரவம் மேலெழத் தொடங்கிவிடும். அளப்பது கடத்தலை அல்ல, திரவத்தின் ஓட்டத்தை. திரவம் மின்சாரத்தைக் கடத்துவதாக இருந்தால் கம்பிக்கு மேலுறை வேண்டும். துகள்கள் மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தால், காலையில் அளந்த திரவமும் மாலையில் அளந்த திரவமும் ஒன்றல்ல. முதலில் வெறும் தண்ணீரை அளந்து, உலகம் அறிந்த 0.6 வருகிறதா என்று பார்க்காத ஆய்வாளருக்கு இந்தத் தவறுகள் எதுவும் கண்ணில் படாது.

கிளைன், மெக்கிளின்டாக் இருவரும் 1953-ல் எழுதிய கட்டுரை இங்கேதான் உதவுகிறது. ஒவ்வொரு கருவியிலும் இருக்கும் சிறு பிழை, இறுதி விடையில் எவ்வளவு பிழையாகச் சேரும் என்று கணக்கிடும் முறையை அது விளக்கியது. வெப்பப் பரிமாற்ற ஆய்வேடுகள் பலவற்றில் இந்தக் கணக்கு ஒரு பிற்சேர்க்கையாக இடம்பெறும். அது சடங்காக அல்லாமல் உண்மையாகவே செய்யப்பட்டதா என்பதில்தான் ஆய்வேட்டின் தரம் இருக்கிறது.

ஒரே மாதிரி, 30-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள்

சர்ச்சையைத் தீர்க்க அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜாக்கோபோ புவான்ஜோர்னோ தலைமையில் ஒரு சர்வதேசக் கூட்டுச் சோதனை நடந்தது. முறை எளிமையானது, நேர்மையானது. ஒரே மாதிரியான திரவங்களை உலகெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். கையாள வேண்டிய முறையும் எல்லோருக்கும் ஒன்றே. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மிகக் குறைந்த தகவல் மட்டுமே கொடுக்கப்பட்டது. முன்முடிவோடு யாரும் அளந்துவிடக் கூடாதல்லவா!

30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கேற்றன. சூட்டுக் கம்பி, நிலைத்த வெப்ப ஓட்டம், ஒளிமுறை என்று வெவ்வேறு வழிகளில் அளந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. குழுவும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஜான் பிலிப்பும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

2009-ல் முடிவு வெளியானது. பெரும்பாலான ஆய்வகங்களின் எண்கள், சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்குள் அடங்கின. துகள்களின் செறிவு கூடினால் கடத்துதிறன் கூடியது. துகள் நீளமாக இருந்தால் இன்னும் கூடியது. எல்லாமே மேக்ஸ்வெல் வழிவந்த பழைய கோட்பாடு சொன்னபடியே. சோதித்த திரவங்கள் எதிலும் அசாதாரண உயர்வு இல்லை.

தாங்கள் ஆர்வத்தோடு ஆய்வுசெய்த ஒரு துறையின் பெரிய நம்பிக்கையைச் சோதிக்கும் முயற்சியில், அந்தத் துறையைச் சேர்ந்தவர்களே முன்வந்து பங்கேற்றார்கள். அறிவியல் நேர்மை என்பது இதுதான். அந்த முடிவை வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் மரியாதைக்குரியது.

அப்படியானால் முன்பு கிடைத்த பெரிய உயர்வுகள் எல்லாம் வெறும் பிழையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. துகள்கள் தனித்தனியே மிதக்காமல் சங்கிலிபோல் கோத்துக்கொண்டால், வெப்பத்துக்கு அந்தச் சங்கிலி வழியே தடையற்ற பாதை கிடைக்கும். கல்பாக்கம் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. 6.7 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகள்கள் கலந்த திரவத்தைக் காந்தப்புலத்தில் வைத்தபோது துகள்கள் வரிசையாகக் கோத்துக்கொண்டன. கன அளவில் 6.3 சதவீதத் துகள்களோடு கடத்துதிறன் நான்கு மடங்கானது என்று 2007-ல் அவர்கள் அறிவித்தார்கள். இங்கே புது இயற்பியல் எதுவும் தேவைப்படவில்லை. துகள்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே விடை.

பம்ப் கேட்கும் விலை

இயந்திரத்தை வடிவமைக்கும் பொறியாளருக்குக் கடத்துதிறன் மட்டும் போதாது. அந்தத் திரவத்தைத் தள்ள எவ்வளவு சக்தி செலவாகும் என்பது அவருடைய முதல் கேள்வி. துகள் சேர்ந்தால் திரவத்தின் பாகுநிலை உயரும். சங்கிலியாகக் கோத்தால் இன்னும் உயரும். அன்று இன்டெல்லில் இருந்த ரவி பிரஷர் குழு 2006-ல் ஒரு வரம்பைக் கணக்கிட்டுக் காட்டியது. குழாயில் சீரான, மெதுவான ஓட்டத்தை எடுத்துக்கொண்டால், பாகுநிலையின் உயர்வு கடத்துதிறன் உயர்வைப்போல் நான்கு மடங்கைத் தாண்டும்போது நானோ திரவத்தால் நஷ்டம்தான். வெறும் திரவமே மேல்.

பல ஆய்வேடுகள் சறுக்கும் இடமும் இதுவே. நானோ திரவத்தையும் தண்ணீரையும் ஒரே ரெய்னால்ட்ஸ் எண்ணில் (ஓட்டத்தின் வேகத்தையும் பாகுநிலையையும் இணைத்துச் சொல்லும் எண்) ஒப்பிட்டு, ‘வெப்பப் பரிமாற்றம் இத்தனை சதவீதம் கூடியது’ என்று எழுதுவார்கள். பாகுநிலை கூடிய திரவம் அதே ரெய்னால்ட்ஸ் எண்ணை எட்ட வேண்டுமானால் அதை இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும். கூடிய பலனில் ஒரு பகுதி அந்த வேகம் தந்தது, துகள் தந்ததல்ல. ஒரே பம்ப் சக்தியில் ஒப்பிட்டால் பல வெற்றிகள் சுருங்கிவிடும்.

தேடியது திரவத்தில், கிடைத்தது பரப்பில்

இந்த ஆராய்ச்சியின் அருமையான திருப்பம், கொதிக்கும் திரவத்தில் வந்தது.

ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிரோ நுகியாமா 1934-ல் தண்ணீருக்குள் உலோகக் கம்பிகளைச் சூடாக்கி, கொதித்தலுக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டினார். அந்த எல்லையைத் தாண்டினால் நீராவி கம்பியைப் போர்வையாக மூடிக்கொள்ளும். தண்ணீர் தொட முடியாமல் வெப்பநிலை எகிறும். அவருடைய நிக்ரோம் கம்பி உருகி அறுந்தது. அணு உலைகளிலும் பாய்லர்களிலும் பொறியாளர்கள் அஞ்சுவது இந்த எல்லையைத்தான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்து ஆய்வாளர்கள் 2003-ல், தண்ணீரில் மிகச் சிறிதளவு அலுமினா நானோ துகள் கலந்தபோது இந்த எல்லை சுமார் 200 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யின் தாஸ் குழுவோ, நானோ துகள் கலந்தால் கொதித்தல் மோசமாகிறது, பரப்பு கூடுதலாகச் சூடாகிறது என்றது. துகள்கள் சூடான பரப்பில் சிக்கிக்கொள்வதே காரணம் என்றும் அது சுட்டியது. பார்வைக்கு இரண்டும் முரண். ஆனால் அளந்தவை வேறு: ஒன்று கொதித்தலின் உச்ச எல்லை, மற்றொன்று அந்த எல்லைக்குக் கீழே நடக்கும் கொதித்தல். எம்.ஐ.டி.யில் தொடர்ந்த ஆய்வுகள் புதிரின் மையத்தைத் தொட்டன. கொதிக்கும்போது துகள்கள் பரப்பில் நுண்துளைப் படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தில் தண்ணீர் நன்றாகப் பரவி ஒட்டுவதால், நீராவிப் போர்வை மூடுவது தள்ளிப்போகிறது.

ஆக, பயன் பரப்பில் இருந்தது. திரவத்தில் எதையும் கலக்காமல், உலோகப் பரப்பை மட்டும் நுண்ணிய அளவில் வடிவமைத்தால் போதும் என்ற வழி இதனால் வலுப்பெற்றது.

மாணவருக்கும் கைடுக்கும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த முனைவர் பட்ட விதிமுறைகளில், ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. அவசரமாக ஓர் உயர்வைக் காட்டி ஒரு கட்டுரையை வெளியிட்டாக வேண்டும் என்ற நெருக்கடியைக் குறைக்க இது நல்ல வாய்ப்பு. அதனால் மிச்சமாகும் நேரத்தைக் கருவியைச் சரிபார்ப்பதற்கும், ஒரே அளவீட்டை மறுபடி மறுபடி எடுப்பதற்கும் செலவிட வேண்டும்.

வெப்பப் பரிமாற்றத்தில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் சில உறுதிகளை எடுத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரின் அளவீட்டை முதல் வரைபடமாகப் போடுங்கள். ஒரே பம்ப் சக்தியில் ஒப்பிடுங்கள். திரவம் எத்தனை நாள் படியாமல் நின்றது என்று எழுதுங்கள். இன்னொருவரின் சோதனையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தால், அதையும் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக வையுங்கள். ‘உயர்வு இல்லை’ என்று முடிவு வந்தால் மறைக்காதீர்கள். அடுத்து வருபவரின் மூன்றாண்டுகளை அது காப்பாற்றும்.

கைடுகளுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஓர் ஆய்வேட்டோடு வரும் மாணவரிடம், வைவாவில் ‘எத்தனை சதவீதம் கூடியது?’ என்று கேட்பதற்கு முன், ‘எப்படி அளந்தீர்கள்?’ என்று கேளுங்கள். பட்டத்தை அந்தப் பதிலை வைத்துக் கொடுங்கள்.