தேயாத கிட்டாரும் ஏறவேண்டிய பங்கும்

2024 அக்டோபர் 22-ஆம் தேதி ஹூண்டாய் மோட்டார் இந்தியா பங்குச்சந்தையில் பட்டியலானது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவோடு தொடங்கிய கம்பெனி. சுமார் 27,870 கோடி ரூபாய் வெளியீடு. அதுவரை இந்தியா இவ்வளவு பெரிய ஐ.பி.ஓ.வைப் பார்த்ததில்லை. அதில் ஒரு ரூபாய்கூட ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு வரவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது, பணத்தை எடுத்துக்கொண்டது. 1,960 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே சுமார் 7 சதவீதம் சரிந்தது. ஊழியர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 186 ரூபாய் தள்ளுபடி தந்தார்கள். செபி விதிப்படி ஊழியர் என்றால் நிரந்தர ஊழியர். கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்கு வந்து இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளி அந்தக் கணக்கில் இல்லை.

காரும் பைக்கும் செல்போனும் மட்டுமல்ல, இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிட்டாரும் தயாராகிறது. யமஹா மியூசிக் இந்தியா 2019-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது: கீபோர்டு, அக்கூஸ்டிக் கிட்டார், ஸ்பீக்கர். வல்லம் வடகாலில் பைக் செய்யும் யமஹா வேறு கம்பெனி, 1955-இல் தனிக்குடித்தனம் போன பிள்ளை. இரண்டின் சின்னத்திலும் மூன்று இசைக்கவைகள் இருப்பதைப் பைக் ஓட்டுபவர்களில் எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்பார்களோ! டோரகுசு யமஹா 1887-இல் ஒரு ரீட் ஆர்கனை ரிப்பேர் செய்யப்போய் முளைத்த தாய் நிறுவனம், 1949 முதல் டோக்கியோ சந்தையில் இருக்கிறது. அங்கே அதன் பங்கு விலையைப் பியானோவும் கீபோர்டும் கிட்டாரும் ஆடியோ கருவிகளும் சேர்ந்து தாங்குகின்றன.

கிட்டாரையே நம்பி ஒரு கம்பெனி சந்தையில் நிற்க முடியுமா? 2012-இல் ஃபெண்டர் முயன்று பார்த்தது.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதுவே அவருக்கு வசதியாகப் போயிற்று என்பேன். வாத்தியக்காரர்கள் கழுத்தைப் பெட்டியோடு செதுக்கிப் பொருத்திப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் தட்டையான மரப்பலகையில் நாலு ஸ்க்ரூ போட்டுக் கழுத்தை முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ஒரகடத்தில் அசெம்ப்ளி லைனில் நிற்கும் எவருக்கும் இந்தப் புத்தி உடனே பிடிபடும். டெலிகாஸ்டரும் 1954-இன் ஸ்ட்ராடோகாஸ்டரும் இப்படிப் பிறந்தவை.

1965-இல் சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதாவது, ஃபெண்டர் ஏற்கெனவே ஒருமுறை சந்தைக் கம்பெனியின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு தரம் இறங்கியது என்பது வாசிப்பவர்களின் தீர்ப்பு, ‘சி.பி.எஸ்.ஸுக்கு முந்தைய’ கிட்டார் என்றால் இன்றும் விலை தனி. 1985-இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் உள்ளே வேலை பார்த்தவர்களே கம்பெனியை மீட்டு வாங்கினார்கள்.

2012 மார்ச்சில் ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பித்த ஃபெண்டர், பிறகு கேட்டது பங்குக்கு 13 முதல் 15 டாலர். திரட்டுவதில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்க. விற்பனையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கிட்டார் சென்டர் என்ற ஒரே கடைத்தொடரை நம்பியிருந்தது. அந்தக் கடையும் கடனில் தத்தளித்தது. ஜூலையில், சந்தை நிலவரம் சரியில்லை என்று சொல்லி ஃபெண்டர் வெளியீட்டைத் திரும்பப் பெற்றது.

நிலவரம் ஒரு காரணம்தான். கிட்டாரின் சுபாவம் இன்னொன்று. கார் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஓய்ந்துவிடும். டயர், சர்வீஸ், உதிரிபாகம் என்று இடையிலும் காசு வரும். அக்கூஸ்டிக் கிட்டாரில் ஸ்டீல் தந்தி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது கிலோ இழுத்தாலும், நல்ல கிட்டார் நாற்பது ஐம்பது வருஷம் அசையாது. தந்தி போனால் சில நூறு ரூபாய். ஃப்ரெட் கம்பி தேய்ந்தால் பிடுங்கிப் புதிதாக அடிக்கலாம். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவைத்தால் பசை இளகி பிரிட்ஜ் கிளம்பும், அதையும் ஒட்டிவிடலாம். பிறகு அப்பா வாசித்ததை மகள் வாசிப்பாள், ஃபெண்டருக்கு வரவு இல்லை. தான் முன்பு விற்ற சரக்கே தனக்குப் போட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி கேட்கும் முதலீட்டாளரிடம் இதை எப்படிச் சொல்வது?

கிட்டாருக்கு வெளியே வளர்ச்சி தேடிய இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்சனுக்கு நேர்ந்தது தெரிந்ததே. பிலிப்ஸின் ஆடியோ தொழிலைக் கடன்பட்டு வாங்கி, 2018 மே மாதம் திவால் மனு போட்டது.

யமஹா வேறு வழி போகிறது: புதிதாகக் கற்கிறவர்களைத் தேடுகிறது. இந்தியாவுக்கென்று செய்த பி.எஸ்.ஆர்.-ஐ500 கீபோர்டில் தம்புராவும் தபலாவும் ஓடும் ‘ரியாஸ்’ வசதி வைத்திருக்கிறார்கள். நம் கர்நாடக சங்கீதப் பிள்ளைகளுக்குத் தபலா எதற்கு என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனாலும் வியாபாரக் கணக்கு சரியானது. முதல் வாத்தியம் வாங்குகிற பிள்ளைகள் இந்தியாவில் வருஷாவருஷம் புதிதாக வந்துகொண்டே இருப்பார்கள்.

ஃபெண்டர் கடைசியில் போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்க்காரரிடம்தான். 2020 தொடக்கத்தில் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய செர்வ்கோ பசிபிக், ஹவாயில் டொயோட்டா விற்கும் குடும்ப நிறுவனம். அதே ஆண்டு ஊரடங்கில் வீட்டில் அடைபட்ட ஜனங்கள் கிட்டார் வாங்கிக் குவிக்க, ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனை கண்டது. பட்டியலான கம்பெனியாக இருந்திருந்தால் அடுத்த காலாண்டிலேயே, இது ஏன் இன்னும் ஏறவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும்.