அவள் பெயரில் ஒரு வீடு

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் வீடில்லாத பெண் யாரும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். சென்னை சென்ட்ரல் வாசலில் போல இங்கே யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை. காலையில் ஆளேற்றிக்கொண்டு பயராபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்குப் போன வேன்கள் சாயங்காலம் அவரவர் தெருவில் இறக்கிவிடுகின்றன. இருட்டிய பிறகு எல்லாருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கிறது. அந்தக் கூரை யாருடையது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 10 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. இறந்தவர்களில் பெண்களும் நிறையப் பேர். ஒவ்வொரு தடவையும் அமைச்சர் வருகிறார், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, கேமராக்கள் கிளம்பிவிடுகின்றன. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வீடு ஒரு பிரச்சினையாவது அதற்கெல்லாம் பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பின்னால்தான்.

அவள் இருப்பது பெரும்பாலும் மாமனார் பெயரில் பட்டா உள்ள வீட்டில். பணம் வரும்போது சண்டையும் வருகிறது. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவனின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகனை இழந்த தாய்க்குப் பங்கு கிடைப்பது நியாயம்தான். ஆனால் பங்கு பிரிந்த கையோடு வீடும் பிரிகிறது. மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவளுக்குக் கிடைப்பது திண்ணை, அல்லது அடுப்படிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம். வாடகைக்குப் போகலாமென்றால் அட்வான்ஸுக்கு முன்னால் வருகிற கேள்வி, ‘வீட்ல ஆம்பள யாரு?’ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றவர்கள் ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். நடைபாதை, பாலத்தடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் என்று தேடி எடுத்த கணக்கு அது. அண்ணன் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவள் அந்தக் கணக்கில் சேரமாட்டாள்.

சட்டம் அவளைக் கைவிட்டுவிடவில்லை. உத்தராகண்டைச் சேர்ந்த பிரபா தியாகி என்ற பெண், கல்யாணமான சில நாட்களிலேயே கார் விபத்தில் கணவனை இழந்தவர். அவருடைய வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கணவன் இறந்தாலும், அந்த வீட்டில் அவள் அப்போது குடியிருக்காவிட்டாலும்கூட, புகுந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு நீதிபதிகள் எம்.ஆர்.ஷாவும் பி.வி.நாகரத்னாவும் தந்த விளக்கம் இது. இந்தத் தீர்ப்பைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். ஆனாலும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு வீட்டில் நீதிமன்ற உத்தரவோடு சோறு பொங்கிச் சாப்பிடுவது வாழ்க்கை ஆகாது. அவளுக்கு வேண்டியது வேறொரு வாசல்.

அரசிடம் சில வாசல்கள் இருக்கின்றன. வீடற்றோருக்கான இரவுக் காப்பகங்கள் நகரங்களுக்கானவை. ‘தோழி’ விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்களுக்கானவை, அவையும் நகரங்களில்தான். சமூகநலத் துறையின் சேவை இல்லங்களில் படிப்போ பயிற்சியோ முடியும்வரை தங்கலாம். எல்லாம் தேவைதான். ஆனால் எல்லாமே தங்குமிடம். வீடு என்பது வேறு.

இந்த வித்தியாசத்தை நடைமுறையில் காட்டியது தமிழ்நாட்டு அமைப்பு ஒன்றுதான். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மனநலம் குன்றித் தெருவில் திரிந்த பெண்களை அழைத்து வந்து, முகப்பேரில் உள்ள ‘அடைக்கலம்’ இல்லத்தில் சிகிச்சை கொடுத்தார்கள். குணமான பலர் ஊர் திரும்பினார்கள். சிலரை ஏற்க வீடு இல்லை. சிலருக்குப் போக மனமில்லை. நோய் தணிந்த பின்னும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. 2015-ல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் வந்தது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. ஒத்துப்போகிற நான்கைந்து பெண்கள் அதில் சேர்ந்து குடியிருப்பார்கள். உதவிக்கு ஒரு பெண் பணியாளர். என்ன குழம்பு, யார் கடைக்குப் போவது, எப்போது தூங்குவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்வார்கள். வேலைக்குப் போகிறவர்கள் போகலாம். போக முடியாதவர்களை யாரும் வெளியேற்றப் போவதில்லை. தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த முறை கேரளம், அசாம், மகாராஷ்டிரம் வரை போயிருக்கிறது.

முதலில் திருந்து, சம்பாதி, அப்புறம் வீடு தருகிறோம் என்பதுதான் உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. நியூயார்க்கில் 1992-ல் சாம் செம்பரிஸ் என்ற உளவியலாளர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, மற்றதெல்லாம் அதற்குள் இருந்தபடியே. பின்லாந்து 2008 முதல் அதையே அரசுக் கொள்கையாக்கியது. பான்யன் அந்த வழியைக் குழம்புச் சட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும் உள்ள நம் தெருவுக்குப் பொருத்திக் காட்டியது.

வெம்பக்கோட்டைப் பெண்களில் பெரும்பாலோருக்கு மனநோய் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. குழாய் உருட்டவும் திரி வைக்கவும் தெரிந்த கைகள் அவர்களுடையவை. ஆகவே இங்கே இப்படி வீடு கொடுப்பது இன்னும் எளிதாக நடக்க வேண்டும். நடக்காததற்குக் காரணம் காகிதம். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கும், 360 சதுர அடியில் வீடு கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முதலில் சொந்த மனை வேண்டும். தனி ரேஷன் கார்டு வாங்க மாமனார் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும், புது விலாசத்துக்குச் சான்றும் காட்ட வேண்டும். விலாசமே இல்லாதவள் எதைக் காட்டுவாள்? இதற்கிடையில் கைக்கு வருவது விதவை உதவித்தொகை 1,200 ரூபாய், அதுவும் விண்ணப்பம் ஏற்கப்பட்டால். இந்த நிலையில் இருப்பவளிடம் வீட்டிலேயே வைத்துச் சரவெடி பின்னித் தரச் சொல்லி யாராவது வந்தால், மறுக்க அவளுக்குத் தெம்பு இருக்காது. உரிமமில்லாமல் வீட்டில் நடக்கும் இந்த வேலையிலும் இந்த வட்டாரத்தில் உயிர்கள் போயிருக்கின்றன.

2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதல்வர் ஸ்டாலின், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கான கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். மனமார வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அந்தப் பிள்ளை ராத்திரி எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதையும் அரசு இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். நிவாரணக் காசோலையைக் கொடுக்கும் நாளிலேயே, அவள் பெயரில் மனைப் பட்டாவுக்கும் தனிக் கார்டுக்கும் வி.ஏ.ஓ. விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீடு எழும்பும்வரை ஒரு வருட வாடகையை அரசு தரட்டும். வீட்டுக்காரர் ஆம்பளை யாரென்று கேட்டால், மகளிர் சுயஉதவிக் குழு ஜாமீன் நிற்கட்டும். கந்துவட்டிக்காரனை எதிர்த்து நின்ற அனுபவம் அந்தக் குழுக்களுக்கு உண்டு. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.