பச்சை அமோனியா: சான்று சொல்வது யார்?

நாம் வாழும் நாடுகளின் செய்திகளில் அண்மைக்காலமாக ஒரு பெயர் அடிக்கடி அடிபடுகிறது: 'பச்சை அமோனியா'. நோர்வேயில் அதைக் கப்பல்களுக்கு எரிபொருளாக்கப் போவதாகச் சொல்கிறார்கள். ஜப்பான் அதை அனல்மின் நிலையமொன்றில் நிலக்கரியோடு சேர்த்து எரித்துப் பார்த்துவிட்டது. ஜேர்மனி அதைத் தூர நாடுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கத் திட்டமிடுகிறது. ஊரில் நம்மவர்களுக்கு அமோனியா என்றால் ஐஸ் தொழிற்சாலையின் நெடியும் யூரியா மூட்டையும்தான். இதுவும் அதே அமோனியாதான். அப்படியானால் 'பச்சை' என்ற பட்டம் எப்படி வந்தது? அது உண்மையா என்று யார் பார்த்துச் சொல்கிறார்கள்?

இது பொறியியலாளர்களுக்கு மட்டுமான கேள்வி அல்ல. இந்த எரிபொருளுக்கு அரசுகள் கொடுக்கும் மானியம் நாம் கட்டும் வரியிலிருந்து போகிறது. இதற்காக எழுதப்படும் விதிகள் பசளைச் சந்தையையும் தொடுகின்றன. அந்தச் சந்தையின் மறுமுனையில் ஊரில் வயல் செய்யும் நமது உறவுகள் நிற்கிறார்கள்.

ஒரே வாயு, வெவ்வேறு பிறப்பு

அமோனியாவில் இருப்பவை நைதரசனும் ஐதரசனும் மட்டுமே. நைதரசன் காற்றில் தாராளமாக உண்டு. சிக்கலெல்லாம் ஐதரசனில்தான். ஜேர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்தில் செய்து காட்டியதைக் கார்ல் பொஷ் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுத்தார். 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்றைக்கும் அடிப்படை முறை அதுவே. ஐதரசனை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

பெரும்பாலான நாடுகளில் அது இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளரான சீனாவில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. இரண்டிலும் காபனீரொட்சைட்டு வெளியேறும். உலகம் ஆண்டுக்கு 18 கோடி தொன்னுக்கு மேல் அமோனியா தயாரிக்கிறது. அதில் சுமார் 70 வீதம் பசளைக்கே போகிறது. சர்வதேச எரிசக்தி முகவரகம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தத் தொழிலிலிருந்து நேரடியாக வெளியேறும் காபனீரொட்சைட்டு ஆண்டுக்குச் சுமார் 45 கோடி தொன். சராசரியாக ஒரு தொன் அமோனியாவுக்கு 2.4 தொன்.

மூன்றாவது வழி, நீரை மின்சாரத்தால் பிரித்து ஐதரசன் எடுப்பது. இது புதிதல்ல. நோர்வேயின் ரியூக்கனில் 1920களின் இறுதியிலேயே அருவி மின்சாரத்தைக் கொண்டு பசளைக்கான ஐதரசன் எடுத்தார்கள். பிறகு மலிவான எரிவாயு வந்து அந்த முறையை ஓரங்கட்டியது. இப்போது அது திரும்பி வருகிறது. யாரா நிறுவனம் 2024 ஜூன் மாதம் ஹேரோயாவில் 24 மெகாவாட் மின்பகுப்பு நிலையமொன்றைத் திறந்தது. அதன் ஐதரசனைக் கொண்டு ஆண்டுக்கு 20,500 தொன் அமோனியா வரை தயாரிக்கலாம்.

எரிவாயுவில் செய்தால் சாம்பல், அதே ஆலையில் காபனீரொட்சைட்டைப் பிடித்து நிலத்தடியில் புதைத்தால் நீலம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் செய்தால் பச்சை என்று தொழில்துறையினர் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

உரைகல்லில் தெரியாத மாற்று

நம் வீடுகளில் நகை வாங்கும்போது 916 முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் உரைகல்லில் உரசலாம், உருக்கியும் பார்க்கலாம். பொன்னின் தரம் பொன்னுக்குள்ளேயே இருக்கிறது.

அமோனியாவில் அது நடக்காது. நிலக்கரியில் பிறந்த அமோனியாவும் அருவியில் பிறந்த அமோனியாவும் ஒரே மூலக்கூறுதான். வழக்கமான தரப் பரிசோதனை தூய்மையைச் சொல்லுமே தவிர, அது பிறந்த கதையைச் சொல்லாது. ஆகவே சான்றிதழ் இங்கே பொருளைச் சோதித்து எழுதும் தாளாக இருக்க முடியாது. எரிவாயுக் கிணறு அல்லது காற்றாலை தொடங்கி கப்பல் வரைக்குமான கணக்கேடுகளை யாரோ ஒருவர் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதும் சாட்சியம் அது. சாட்சி சொல்பவர் நேர்மையானவராக இருந்தால் மட்டும் போதாது. எதை எண்ண வேண்டும் என்ற விதியும் சரியாக இருக்க வேண்டும்.

எதை எண்ணுவது?

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். மின்பகுப்பு முறையில் ஒரு தொன் அமோனியா செய்யச் சுமார் 10,000 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். நிலக்கரி மிகுந்த மின்வலையமைப்பில் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 700 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேறலாம். பெருக்கிப் பார்த்தால் ஒரு தொன் அமோனியாவுக்கு 7 தொன் வருகிறது. பழைய எரிவாயு ஆலையைவிட அது பல மடங்கு மோசம். அதே இயந்திரத்தை 30 கிராம் மட்டும் வெளியேற்றும் நீர்மின் வலையமைப்பில் பூட்டினால் 0.3 தொன்தான். இயந்திரம் மாறவில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மின்கம்பிதான் மாறியது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஏற்கனவே ஊருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த காற்றாலையை அமோனியா ஆலை வளைத்துப் போட்டுக்கொண்டால், ஊருக்கான மின்சாரத்தை ஒரு நிலக்கரி நிலையம் ஈடுசெய்ய நேரிடும். கணக்கில் ஆலை சுத்தம். வானத்தில் புகை குறையவில்லை. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி மூன்று நிபந்தனைகளை வைத்தது. மின்சாரம் புதிதாகக் கட்டிய நிலையத்திலிருந்து வர வேண்டும். அதே மின்சந்தைப் பகுதிக்குள் இருக்க வேண்டும். உற்பத்தியும் பாவனையும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். அந்தக் காலப் பொருத்தம் 2029 இறுதி வரை மாதக் கணக்கில் பார்க்கப்படும், 2030இலிருந்து மணிக்கணக்கில். முன்கூட்டியே தொடங்கும் ஆலைகளுக்கும், ஏற்கனவே சுத்தமான மின்வலையமைப்புகளுக்கும் சில விலக்குகள் உண்டு.

நீல அமோனியாவில் கவனிக்க வேண்டியது மெதேன் கசிவு. நூறு ஆண்டுக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிடக் கிட்டத்தட்ட 30 மடங்கு சூடேற்றும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கைத் தாண்டும். ஆலையின் புகைபோக்கியை மட்டும் அளந்துவிட்டு, கிணற்றிலும் குழாயிலும் கசிந்ததை விட்டுவிட்டால் அந்தச் சான்றிதழ் பாதிக் கதைதான் சொல்லும்.

பிடித்த வாயு எங்கே போகிறது என்பதும் முக்கியம். யூரியா செய்வதற்கே காபனீரொட்சைட்டு தேவை. ஒரு தொன் யூரியாவுக்குச் சுமார் 0.73 தொன். அந்த யூரியாவை வயலில் போட்டதும் வாயு திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது. அதைப் 'புதைத்தது' என்று எழுத முடியாது.

எரிக்கும் இடத்தையும் மறக்கக்கூடாது. அமோனியா எரியும்போது காபனீரொட்சைட்டு வராது. ஆனால் சரியாக எரியாவிட்டால் நைதரசன் ஒட்சைட்டுகள் வரலாம். அவற்றுள் ஒன்றான நைதரஸ் ஒட்சைட்டு காபனீரொட்சைட்டைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. ஆலை வாசலோடு கணக்கை முடிக்கும் சான்றிதழில் இது தெரியவே வராது.

ஒரே எண், வேறு அர்த்தம்

இப்போதுள்ள சிக்கல், ஒவ்வொரு நாடும் தன் தராசைத் தானே செய்துகொண்டதுதான். இந்தியா 2023இல் ஒரு கிலோ ஐதரசனுக்கு 2 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான அளவை எல்லையாக வைத்தது. ஜப்பானின் எல்லை 3.4 கிலோ. ஐரோப்பிய ஒன்றியமோ புதைபடிவ எரிபொருளைவிட 70 வீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. ஐதரசனுக்கு மாற்றிக் கணக்கிட்டால் அதுவும் ஏறத்தாழ 3.4தான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஜப்பான் உற்பத்தி வாசல் வரை எண்ணுகிறது. எரிவாயுவில் செய்து காபனைப் புதைத்ததையும் ஏற்கிறது. ஐரோப்பா பாவிப்பவரின் இடம் வரையான போக்குவரத்தையும் சேர்த்து எண்ணுகிறது. எரிவாயு வழியில் வருவதற்குத் தனி விதியை 2025இல்தான் கொண்டுவந்தது. தூத்துக்குடியில் ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் பச்சை அமோனியா தயாரித்து ஜப்பானுக்கு அனுப்ப 2024இல் நிறுவனங்கள் உடன்பட்டன. அப்படியொரு ஆலை பின்னர் ஐரோப்பாவுக்கும் விற்க விரும்பினால், அதே அமோனியாவுக்கு மூன்று தராசுகளில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

இதைச் சீராக்கச் சில முயற்சிகள் நடக்கின்றன. ஐ.எஸ்.ஓ. அமைப்பு, ஐதரசனின் வெளியேற்றத்தைக் கணக்கிடும் பொது முறையொன்றை 2023இல் வெளியிட்டது. ஐரோப்பிய ஆணைக்குழு தன் விதிகளைச் சரிபார்க்க சேர்ட்டிஃப்ஹை, ரெட்சேர்ட், ஐ.எஸ்.சி.சி. ஆகிய மூன்று சான்றிதழ் முறைகளை 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. அமோனியா எனர்ஜி அசோசியேஷன் என்ற தொழில்துறை அமைப்பும் தன்னார்வச் சான்றிதழ் முறையொன்றை உருவாக்கி வருகிறது. வர்ணப் பெயர்களை விட்டுவிட்டு, காபன் அளவை எண்ணாகவே எழுதுவது அதன் வழி. நகைக்கு 'நல்ல பொன்' என்று எழுதாமல் 916 என்று அடிப்பது போன்றது இது. எண் இருந்தால், எந்த நாட்டின் எல்லைக்குள் அது அடங்குகிறது என்பதை வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம்.

தாளும் பொருளும்

துறைமுகத் தாங்கிக்குள் பச்சையும் சாம்பலும் கலந்துதான் கிடக்கும். அப்போது யாருக்கு எது என்று எப்படிப் பிரிப்பது? ஒரு முறையில், உள்ளே போன பச்சையின் அளவுக்கு மேல் பச்சை என்று விற்க முடியாது. பொருளும் சான்றும் ஒரே விநியோகச் சங்கிலியில் சேர்ந்தே நகரும். மற்ற முறையில் சான்றிதழைப் பொருளிலிருந்து பிரித்துத் தனியே விற்கலாம். ஓரிடத்தில் செய்த பச்சையின் பெயரை உலகின் இன்னொரு மூலையில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். தூரத்திலுள்ள சிறு உற்பத்தியாளருக்கு இரண்டாவது முறை உதவும். ஒரே தொன்னை இருவருக்கு விற்கும் அபாயமும் அதிலேதான் கூட. பொதுவான பதிவேடு இல்லாமல் அதை நம்புவது கடினம்.

ஊருக்கு இதில் என்ன?

சான்று குழம்பினால் என்ன நடக்கும் என்பதை நாம் பசளை விடயத்திலேயே கண்டோம். 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்தது. பதிலுக்குச் சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பல் வந்தது. அரச ஆய்வாளர்கள் மாதிரிகளில் கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். விற்ற நிறுவனம் வெளி ஆய்வகமொன்றின் அறிக்கையைக் காட்டி மறுத்தது. இரு தரப்பும் ஏற்கும் நடுவர் முன்கூட்டியே இருக்கவில்லை. கப்பல் வாரக்கணக்கில் கடலில் அலைந்தது. கடைசியில் இறக்காத பசளைக்கு 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தே பிணக்கு முடிந்தது. பெரும்போகத்துக்குப் பசளையின்றி நின்றவர் விவசாயி.

பொருளுக்குள்ளேயே தேடக்கூடிய கிருமிக்கே இந்த நிலை என்றால், பொருளுக்குள் தெரியாத காபனுக்கு எவ்வளவு தெளிவான விதி வேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவின் எல்லைக் காபன் வரி அமோனியாவுக்கும் பசளைக்கும் நடைமுறையில் இருக்கிறது. தன் கணக்கைச் சரிபார்த்துக் காட்ட முடியாத உற்பத்தியாளருக்கு ஒன்றியம் நிர்ணயிக்கும் பொது மதிப்பே பொருந்தும். கணக்காய்வுக்கும் அளவீட்டுக் கருவிக்கும் பெரிய நிறுவனங்களிடம் காசு இருக்கிறது. வறிய நாட்டின் நடுத்தர ஆலைக்கு அது பாரம். விதி கடுமையாக இருப்பதில் தவறில்லை. பின்பற்றும் செலவைப் பணக்காரர் மட்டுமே தாங்கக்கூடியதாக அதை எழுதுவதில்தான் அநீதி இருக்கிறது.

நமது நகரசபையோ தொழிற்சங்கமோ ஓய்வூதிய நிதியோ பச்சை அமோனியாவில் முதலிடுவதாகச் சொன்னால், நாம் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு. ஒரு தொன்னுக்கு எத்தனை கிலோ காபன்? எங்கிருந்து எதுவரை எண்ணினீர்கள்? மின்சாரம் எந்த நிலையத்தினது, எந்த நேரத்தினது? சரிபார்த்தவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால், முதல் மூன்றுக்கும் வந்த பதில்களை இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.