உறைதலும் கரைதலும்

விளையாட்டுத் திடலில் விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டால், சற்று நேரத்தில் இரத்தம் தானே நின்றுவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் அவ்வாறு உறைந்த இரத்தம் பின்னர் என்னவாகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

காயம் பட்டவுடன் இரத்தத் தட்டுகள் அங்கே திரண்டு வழியை அடைக்கின்றன. இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் ஃபைப்ரின் இழைகளாக மாறி, வலைபோல் பின்னிக்கொள்கிறது. காயம் ஆறியதும் இவ்வலையை அகற்ற வேண்டுமன்றோ? அதற்கும் இறைவன் நம் உடலிலேயே வழி வகுத்திருக்கிறார். கல்லீரலில் உண்டாகும் பிளாஸ்மினோஜன் என்னும் புரதம் இரத்தத்தில் உறங்குவதுபோல் இருக்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் சுரக்கும் ஒரு பொருள் அதனை எழுப்பி, பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின் ஃபைப்ரின் இழைகளைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகிறது. இவ்வேலை அளவு மீறாதபடி, பி.ஏ.ஐ.-1 என்னும் மற்றொரு புரதம் தடை போடுகிறது. ஆக, உறைதலும் கரைதலும் ஒரு தராசின் இரு தட்டுகள் எனலாம்.

இத்தராசைச் சாய்க்கும் நோய்களுள் ஒன்று முடக்குவாதம். இது முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் வலி அன்று. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே மூட்டின் உட்சவ்வைப் பகையென எண்ணித் தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. 1964-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார், இளம் வயதிலேயே இந்நோய்க்கு ஆளாகியும் ஆராய்ச்சியைக் கைவிடாதவர்.

மூட்டில் எழும் அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. அங்கிருந்து கிளம்பும் வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்ட, ஃபைப்ரினோஜன் மிகுதியாக உண்டாகிறது. இ.எஸ்.ஆர். சோதனையில் சிவப்பணுக்கள் விரைந்து அடியில் படிவதற்கு இதுவே முக்கிய காரணம். அதே வேளையில் பி.ஏ.ஐ.-1 அளவும் கூடுகிறது. வலை நெருக்கமாகப் பின்னப்படுகிறது. அதை அறுக்கும் கத்தியோ மழுங்கிப்போகிறது. மூட்டினுள்ளும் ஃபைப்ரின் படிகிறது. சிலருடைய மூட்டு நீரில் அரிசி மணிகளைப் போன்ற வெண்துகள்கள் காணப்படுவதும் உண்டு. அவற்றிலும் ஃபைப்ரின் இருக்கிறது.

இதனால் முடக்குவாதம் உடையவர்களுக்குக் காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் நாம் ஏமாந்துவிடுகிறோம். மூட்டு வீங்கிப் பழகியவருக்குக் கால் வீங்கினால், "பழைய வாதந்தானே!" என்று தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ, ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவர் தரும் மருந்தை இடைவிடாது உட்கொண்டு அழற்சியைத் தணிப்பதும், ஒரே இடத்தில் நெடுநேரம் அமராமல் இயன்றவரை நடப்பதும் நன்மை தரும். நம் வீட்டில் இந்நோயால் வருந்தும் பாட்டியோ அத்தையோ இருந்தால், மாலையில் அவர் கையைப் பற்றி நான்கு அடி நடத்திச் செல்வோம். அவர் காலையும் ஒருமுறை கவனித்துப் பார்ப்போம். பள்ளியில் கற்ற அறிவியல் வீட்டில் பயன்படுவது அப்போதுதான்!